நாலு அங்குலம் உயரமான கார்

எங்கள் காரின் முன்சீட்டு என் சக்கர நாற்காலியைவிட நாலு அங்குலம் உயரம். ஸ்கேலை வைத்து மூன்று முறை அளந்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை லேபில் இருபது வருடம் குப்பை கொட்டியவளுக்கு எதையும் ஒரே தடவை பார்த்து நம்பும் பழக்கம் இருக்காது. மூன்று முறையும் நாலு அங்குலமே வந்தது.

அந்த நாலு அங்குலத்தை ஒன்பது வருடமாக என் வீட்டுக்காரர் தன் இரண்டு கைகளால் சமாளித்து வந்தார். காலையில் பண்ணைப்புரத்தில் வீட்டு வாசலில் என்னை நாற்காலியிலிருந்து தூக்கிக் காரில் வைப்பார். தேவாரம், போடி வழியாகத் தேனிக்கு ஓட்டிக்கொண்டு வந்து லேப் வாசலில் தூக்கி இறக்குவார். சாயங்காலம் அதையே திருப்பிச் செய்வார். இறங்குவதையாவது நானே பார்த்துக்கொள்கிறேன், மேலேயிருந்து கீழே சறுக்குவது ஒன்றும் பெரிய வித்தையில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "அப்ப நான் எதுக்கு இருக்கேன்" என்பார். அதற்குமேல் பேச்சு வளராது.

உயரமான கார்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கியதும் அவர்தான். உயரமாக உட்கார்ந்தால் எனக்கு மலை நன்றாகத் தெரியுமாம். மலை தெரிந்தது, வாஸ்தவம்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு காலை, என்னைப் பாதி தூக்கிய நிலையில் அவர் அப்படியே நின்றுவிட்டார். முகம் வெளுத்துப்போய் வியர்த்தது. என்னை மெதுவாக நாற்காலியில் விட்டுவிட்டுக் கார் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தவர் அரை மணி நேரம் நிமிரவில்லை. முதுகில் டிஸ்க் விலகியிருந்தது. இனிமேல் கேஸ் சிலிண்டர்கூடத் தூக்கக் கூடாது, ரொம்ப நேரம் உட்கார்ந்து வண்டி ஓட்டவும் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். என் எடைக்கு நிறை சிலிண்டர் இரண்டு.

ஆக, நானே ஏறி, நானே ஓட்டி, நானே இறங்கினால்தான் வேலைக்குப் போக முடியும். போட்டிருந்த நீண்ட லீவு முடிவதற்குள் அது நடக்கவில்லையென்றால் வீடுதான். எனக்கு வீட்டில் இருக்க வராது. மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் எனக்கும் பக்கத்து மேசைக்காரிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அங்கே எல்லாரும் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார்கள். அந்த எட்டு மணி நேரத்தை இழந்தால் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியும், அதனால் பயந்தேன். வெளியில் காட்டிக்கொள்ளாமல் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன்.

நல்லவேளையாகக் கார் கியர் இல்லாத வகை. கையாலேயே பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் இயக்குகிற ஒரு கம்பியை மதுரையில் ஒருவர் பொருத்திக் கொடுத்தார். தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். வீட்டுக்குப் பின்னால் அறுவடை முடிந்த காட்டில், பக்கத்து வீட்டுப் பெண்கள் தூக்கி உட்கார வைக்க, பத்து நாளில் பழகிவிட்டேன். மிச்சமிருந்தது அந்த நாலு அங்குலம்தான். ஒன்பது வருடம் சக்கரம் தள்ளித் தள்ளி என் இடது தோள் தேய்ந்துவிட்டது. சமமான உயரத்துக்கு நகர்ந்துவிடுவேன். மேல்நோக்கி என்னால் என்னைத் தூக்க முடியாது.

"காரைத் தாழ்த்திருவோம்" என்றார் வீட்டுக்காரர். அவர் அப்படித்தான் யோசிப்பார். ஏனென்றால் அவர் பழைய ஜீப்காரர்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து தினமும் விடிகிற நேரத்தில் கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்கள் மலையேறும். உள்ளே காய் எடுக்கப் போகும் பெண்கள் இருப்பார்கள். எத்தனை பேர் என்று கேட்கக் கூடாது. கம்பெனி செய்து அனுப்பிய ஜீப்புக்கும் எங்கள் ஊரில் ஓடும் ஜீப்புக்கும் முகத்தில் மட்டும்தான் ஒற்றுமை. ஸ்பிரிங்கில் கூடுதல் பிளேட் போட்டு உயர்த்தியிருப்பார்கள், பின்னால் பெஞ்சை நீட்டியிருப்பார்கள், ஏறுவதற்கு இரும்புப் படி ஒன்றைப் பற்ற வைத்திருப்பார்கள். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சட்டம்தான், அந்தப் பக்கம் பார்வை மட்டும் கறார் என்று ஜீப்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அதனால் என் வீட்டுக்காரர் படியைப் பற்ற வைக்காமல் போல்ட்டில் மாட்டியிருந்தார். எல்லைச் செக்போஸ்ட் இருக்கும் கம்பமெட்டு வருவதற்கு முன்னால் கழற்றிச் சாக்கில் சுற்றி சீட்டுக்கு அடியில் போட்டுவிடுவார். இறங்கி வரும்போது மறுபடி மாட்டுவார். இந்தக் கூத்தைப் பன்னிரண்டு வருடம் நடத்தினார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் கோம்பைச் சாலையில் அவர் ஓட்டிய பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்த நான் விழுந்தேன். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, எனக்கு முதுகுத்தண்டு. ஜீப்பை விற்றுவிட்டு, என்னை ஏற்றி இறக்க வசதியாகத் தேனியில் உதிரிபாகக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அன்று நடந்ததைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

தேவாரத்தில் இருக்கும் மெக்கானிக், அவருடைய ஜீப்பை அந்தக் காலத்தில் உயர்த்திக் கொடுத்தவர். என்னை மதினி என்று கூப்பிடுவார். காரைத் தாழ்த்த வேண்டும் என்றதும் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கையில் உருட்டினார்.

"இருவத்தஞ்சு வருசமா ஒசத்தித்தான் பழக்கம் மதினி. எறக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான்."

"முடியுமா, முடியாதா?"

"முடியாதுன்னு நான் என்னைக்குச் சொல்லியிருக்கேன்?"

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தோம். கார் குந்திக்கொண்டு நின்றது. நாற்காலியைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். இரண்டு சீட்டும் சமம். கையை ஊன்றி நகர்ந்தேன், உள்ளே போய்விட்டேன். யாரும் என்னைத் தொடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மெக்கானிக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பின்சீட்டில் எதற்கு இரண்டு உர மூட்டை கிடக்கிறது என்று அப்போது நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான் உட்கார்ந்த பிறகு மூட்டைகளை இறக்கினார்கள், வீட்டுக்காரர் பக்கத்தில் ஏறினார், பயிற்சி லைசென்ஸ் கையில் இருந்ததால் நானே வீடு வரை ஓட்டினேன்.

மறுநாள் காலையில் காலிக் காரின் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தினால் சீட்டு ஒன்றரை அங்குலம் மேலே இருக்கிறது. மறுபடி ஸ்கேல், மறுபடி மூன்று முறை. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"வண்டின்னா லோடு வச்சுத்தான் மதினி அளக்கணும். காலி வண்டி எங்கன ஓடுது?"

"என் வண்டி காலியாத்தான் ஓடும். நான் ஒருத்திதான் போவேன்."

"நீங்க தனியாப் போவீகன்னு எனக்குத் தோணவே இல்ல மதினி" என்றார்.

அவர் பேரில் குற்றமில்லை. அவர் பார்த்த வண்டி ஒவ்வொன்றும் ஆள் நிறைந்து போனதுதான். ஆனாலும் அந்த வார்த்தை என்னைக் குத்தியது. என்னைப் பற்றி நினைக்கும் யாருக்கும் என் கூடவே இன்னும் இரண்டு பேரும் சேர்ந்துதான் நினைவுக்கு வருகிறார்கள்.

ஸ்பிரிங்கை மறுபடி வெட்ட நேரமில்லை. அன்றைக்குத்தான் வண்டியைக் காட்ட வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நாள் கொடுத்திருந்தார்கள். கைக் கம்பி பொருத்தியதைப் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும், அதன் பிறகுதான் எனக்கு லைசென்ஸ் சோதனை. வருவது வரட்டும் என்று, பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைத் தூக்கி வைக்க, வீட்டுக்காரர் ஓட்டக் கிளம்பினோம்.

சோதனை மைதானத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதன்மேல் சாய்ந்துகொண்டு நின்ற பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர் மகன். காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி ஓட்டிப் பிடிபட்டு, பதிவை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். பழையபடி உயர்த்திக் காட்ட வந்திருந்தான். எங்கள் காரைப் பார்த்ததும் கண் விரிந்தது.

"அக்கா, எவ்வளவு எறக்கியிருக்கீக?"

"ரெண்டரை அங்குலம்."

"எதுக்கு, லுக்குக்கா?"

பின்சீட்டில் மடக்கி வைத்திருந்த நாற்காலியைக் காட்டினேன். ஒரு நிமிடம் முகம் மாறியது, ஆனால் மன்னிப்புக் கேட்டு என்னைச் சங்கடப்படுத்தவில்லை. அதனால் அவனை எனக்குக் கொஞ்சம் பிடித்தது. நோட்டீஸ் வந்த நாளிலிருந்து அவன் உலகத்து மோட்டார் சட்டத்தையெல்லாம் கைபேசியில் கரைத்துக் குடித்திருந்தான். காத்திருந்த ஒன்றரை மணி நேரமும் எனக்கு அந்தப் பாடம்தான்.

"ஜப்பான்ல ரோட்டுல இருந்து ஒம்பது சென்டிமீட்டர் எடம் விட்டாப் போதும்க்கா. அதுக்கு மேல அவுக எதையும் கேக்க மாட்டாக. ஜெர்மனில என்ன வேணாலும் பண்ணிக்கலாம். ஆனா ஒரு இன்ஜினியர் வந்து பாத்து, சரின்னு பேப்பர்ல எழுதணும். எழுதிட்டா அது சட்டம். ஆஸ்திரேலியாவுல மாநிலத்துக்கு மாநிலம் வேற. இங்கிலாந்துல இத்தன அங்குலம்னு கணக்கே கெடையாதாம், வண்டி பத்திரமா இருந்தாச் சரி, இன்சூரன்ஸ்காரனுக்கு மட்டும் சொல்லிரணும்."

"நம்ம நாட்டுல?"

"நம்ம நாட்டுல கம்பெனி எப்படிச் செஞ்சுச்சோ அப்படியே சாகுற வரைக்கும் இருக்கணும்." பையன் தன் வெள்ளைக் காரைப் பார்த்தான். "நான் பெறந்த எடந்தான்க்கா தப்பு."

அவன் சொன்னதில் எவ்வளவு சரியோ எனக்குத் தெரியாது. ஆனால் கேட்கக் கேட்க எனக்கு லேப் ஞாபகம் வந்தது. எங்கள் ரிப்போர்ட்டில் வலது ஓரத்தில் ஒரு பத்தி இருக்கும். இதற்கும் இதற்கும் நடுவில் இருந்தால் சரியான அளவு என்று அதில் அச்சடித்திருப்போம். அந்த எல்லை லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். மெஷின் மாறினால் மாறும், பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தால் மாறும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று காலையில் சர்க்கரை நோயாளி ஆகிவிடுவார். அவர் ரத்தம் மாறியிருக்காது, கோடு நகர்ந்திருக்கும். கோடு போடுவது மனிதர்கள்தான் என்று தெரிந்தும் நாங்கள் அதை ஆண்டவன் போட்டது போலத்தான் நோயாளியிடம் நீட்டுவோம். அந்த மைதானத்தில் முதல் தடவையாக நான் ரிப்போர்ட் வாங்குகிற பக்கத்தில் இருந்தேன்.

ஆய்வாளர் ஒரு பெண். சேலம் பக்கத்துப் பேச்சு. கைக் கம்பியை இழுத்தும் தள்ளியும் பார்த்தார், தானே உட்கார்ந்து மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். "இது நல்லா இருக்குது. இதுக்குச் சட்டத்துல எடமும் இருக்குது" என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது. பிறகு, "நீங்களே ஏறிக் காட்டுங்க மேடம்" என்றார்.

நாற்காலியை நிறுத்தினேன். கையை ஊன்றினேன். ஒன்றரை அங்குலம். இடது தோளில் சுருக்கென்று பிடித்தது. இரண்டாம் முறை முயன்றேன். மைதானத்தில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். வீட்டுக்காரர் கை தன்னால் முன்னால் வந்தது. "தொடாதீங்க" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது.

அப்போது ஓடைப்பட்டிப் பையன், "அண்ணே, நம்ம ரெண்டு பேரும் பின்னாடி ஏறுவோம்" என்றான். அவனும் வீட்டுக்காரரும் பின்சீட்டில் ஏறினார்கள். கார் இறங்கியது. நான் நகர்ந்து உள்ளே போனேன்.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. "இவங்க ரெண்டு பேரும் தினமும் வருவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு எழுந்து, ஸ்பிரிங்கை வெட்டியிருப்பதால் இதை ஏற்க முடியாது, காரைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்து காட்டினால்தான் கைக் கம்பியைப் பதிவேன் என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஜெர்மனியில் இப்படி இல்லை, அங்கே இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும், ஜப்பானில் ஒன்பது சென்டிமீட்டர் இருந்தால் போதும், என் காரில் அதைவிட அதிகமாகவே இருக்கிறது, டேப் கொண்டுவந்து அளந்து பாருங்கள் என்று ஒரு மணி நேரத்துக்கு முன் கற்ற பாடத்தையெல்லாம் ஒப்பித்தேன். பையன் பின்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான். நான் அழகுக்காகத் தாழ்த்தவில்லை, வேலைக்குப் போகத் தாழ்த்தினேன் என்றேன்.

அவர் முழுதும் கேட்டார். பிறகு சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கச் சொல்லி என்னைக் காரிலிருந்தே எட்டிப் பார்க்கச் சொன்னார். கையை உள்ளே விட்டு ஸ்பிரிங்கைப் பிடித்துத் திருகினார். அது சும்மா சுற்றியது.

"வெட்டின ஸ்பிரிங் அதோட எடத்துல உக்காரல மேடம். பள்ளத்துல சக்கரம் தொங்கினா இது விலகும். அப்ப நீங்க தனியா இருப்பீங்க. ஜெர்மனி இன்ஜினியர் இதைப் பார்த்தார்னா என்னைவிட மோசமாத் திட்டுவார்."

எட்டிப் பார்த்த தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் சிலர் லேபுக்கு வந்து ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைக் கூட்டிப் போடச் சொல்லிக் கெஞ்சுவார்கள். குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி அழுவார்கள். பொய்க் கஷ்டம் இல்லை, நிஜக் கஷ்டம். ஒருவருக்கும் நான் மாற்றி எழுதிக் கொடுத்ததில்லை. என் கஷ்டமும் நிஜம்தான். அதற்காக அந்த ஸ்பிரிங் சரியாகிவிடாது. இது எனக்கு அந்த நிமிடமே புரிந்தது, புரிந்ததால் துக்கம் இன்னும் அதிகமானது. யார் மேலாவது கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

திரும்பும்போது மெதுவாக வீட்டுக்காரர் ஓட்டினார், இடுப்புக்குத் தலையணை வைத்துக்கொண்டு. வேலையை விட்டுவிடுகிறேன் என்று எந்த வார்த்தையில் தொடங்குவது என நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். சிலமலைப் பக்கம் வரும்போது அவர் காரை ஓரமாக நிறுத்தினார். இடுப்பு வலிக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

"ஏ புள்ள, நான் அந்தப் படியக் கழட்டி வச்சிருவேன்ல?"

"எந்தப் படிய?"

"ஜீப்புப் படிய. அதக் கழட்டிட்டா தோட்டத்துல இருந்து திரும்புறப்ப பொம்பளையாளுக எப்படி ஏறுவாக? வயசானவுக எல்லாம் இருப்பாக."

எனக்கு எப்படித் தெரியும்.

"ஏலக்காய் மூட்டை ஏத்துறதுக்கு அங்கன ஒரு மேடு இருக்கும். ஜீப்ப அது பக்கத்துல ஒட்டி விட்டா மேடும் ஜீப்பும் சமமா இருக்கும். மூட்டையத் தூக்க வேண்டாம், தள்ளுனாப் போதும். பொம்பளையாளுகளும் அந்த மேட்டுல இருந்துதான் ஏறுவாக. பன்னெண்டு வருசம் பாத்துருக்கேன்." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கார எதுக்குத் தொடணும்? நம்ம வாசல ஒசத்துவோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. ஆறு மாதமாக ஒன்று என்னை உயர்த்தப் பார்த்தோம், இல்லை காரைத் தாழ்த்தப் பார்த்தோம். தரையைத் தொடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பையனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த அத்தனை நாட்டிலும் சொந்த வாசலில் நாலு அங்குலம் சிமெண்டு போடுவதை எந்தச் சட்டம் தடுக்கப் போகிறது?

மெக்கானிக் புது ஸ்பிரிங் வாங்கி மாட்டிக் காரைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தார். கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கொத்தனாரையும் அவரே அழைத்து வந்தார். சுற்றுச்சுவருக்கு உள்ளே, கார் நிற்கும் இடத்தை ஒட்டி, நாற்காலி ஏறச் சரிவாக ஒரு பாதையும் அதன் முடிவில் நாற்காலி நிற்கிற அளவுக்குச் சமமான ஒரு மேடையும் போட்டோம். வீட்டுக்காரர் ஒரு செங்கல்லைக்கூடத் தூக்க நான் விடவில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கொத்தனாரைப் படுத்தி எடுத்தார். மட்டம் பார்க்கும் நேரம் வந்ததும் மெக்கானிக் என்னைப் பார்த்தார்.

"காலி வண்டிதான மதினி?"

"காலி வண்டிதான்."

காரைத் திறந்து, பின்சீட்டில் கிடந்த குடையைக்கூட எடுத்து வெளியே வைத்துவிட்டு அளந்தார்.

தேனியில் சாயங்காலம் திரும்ப ஏறுவதற்கு என்ன செய்வது என்ற கவலை இருந்தது. லேப் கட்டடத்தில் பைக்கை ஏற்றுவதற்குக் கடைகளுக்கு முன்னால் போட்டிருப்பதைப் போல ஒரு சிமெண்டுச் சரிவு உண்டு. ஒன்பது வருடமாக அதன் வழியாகத்தான் என் நாற்காலி உள்ளே போய்வந்தது. அதன் பாதி உயரத்தில் சக்கரத்தைப் பூட்டி நிறுத்திப் பார்த்தேன். பக்கத்தில் காரை நிறுத்தினால் சீட்டும் நாற்காலியும் ஒரு விரல் வித்தியாசத்தில் சமமாக வந்தன. நாற்காலிதான் சீட்டைவிட உயரமாக இருந்ததால் அந்த ஒரு விரலும் எனக்குச் சாதகம்தான்.

ஆய்வாளர் ஸ்பிரிங்கைத் திருகிப் பார்த்துவிட்டுக் கைக் கம்பியைப் பதிவில் ஏற்றிக் கொடுத்தார். எப்படி ஏறப் போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "அது எங்க டிபார்ட்மெண்ட்ல வராது" என்றார். அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். அடுத்த மாதம் லைசென்ஸ் வந்தது.

நான் தனியாகக் கிளம்பிய காலையில் வீட்டுக்காரர் எனக்கு முன்னாலேயே எழுந்து காரைத் துடைத்து வைத்திருந்தார். நான் சரிவில் ஏறி, மேடையில் நாற்காலியைப் பூட்டி, கையை ஊன்றி உள்ளே நகர்ந்தேன். நாற்காலியை மடக்கி இழுத்துப் பக்கத்து சீட்டில் போட்டேன். எல்லாம் சேர்ந்து நாலு நிமிடம். அவர் மூன்றடி தள்ளிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பத்திரம் என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, உள்ளதைச் சொல்ல வேண்டும். கேட்டைத் தாண்டினேன், போய்விட்டேன்.

லேப் வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினேன். நாற்காலியில் உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, சரிவில் பாதி ஏறிச் சக்கரத்தைப் பூட்டிவிட்டுப் போன் போட்டேன். மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"யாரு எறக்குனா?"

"யாரும் இல்லங்க. நானேதான்."

"ம்" என்றார். வைத்துவிடுவார் என்று பார்த்தேன். வைக்கவில்லை. பின்னால் எங்கள் வீட்டுக் கோழி கத்துவது கேட்டது. காலையில் நின்ற இடத்திலேயே இன்னும் நிற்கிறார் என்று தெரிந்தது.

"அன்னைக்கு ஒன்னயக் கீழ போட்டவன் நான்" என்றார். "தெனமும் தூக்கி வச்சா அந்தப் பாவம் கொஞ்சங் கொஞ்சமாத் தீந்துரும்னு நெனச்சிருந்தேன். இன்னும் தீரல. அதுக்குள்ள ஒனக்கு ஆள் வேண்டாம்னு ஆயிப்போச்சு."

ஒன்பது வருடமாக அவர் என்னைத் தூக்குவதை எனக்கு நேர்ந்த அவமானம் என்று மட்டுமே நினைத்திருந்தேன். நாற்காலியோடு அந்தச் சரிவின் பாதியில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவர் பார்க்க, நான் விம்மி அழுதேன்.

"எனக்கு அது என்னைக்கோ தீந்துருச்சுங்க" என்றேன். "நான்தான் ஒங்ககிட்ட சொல்லாம இருந்துட்டேன்."